குழந்தைகளுக்குக் கதை சொன்ன அகதி: கஸ்ஸான் கனஃபானியின் வாழ்வு

பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் சிறுகதை ஒன்றில், பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியரின் முன் ஒரு சிறுவன் எழுந்து நின்று தன் தந்தையைப் பற்றிக் கதை சொல்கிறான். தந்தை செருப்புத் தைப்பவர். பெரிய மாளிகை ஒன்றின் கீழே, சரிவில், பெட்டி போன்ற சிறு இடத்தில் அமர்ந்து வேலை செய்கிறவர். மேலே மாளிகையில் வாழும் செல்வர் பழங்களைத் தின்றுவிட்டுத் தோலைக் கீழே எறிந்துகொண்டே இருக்கிறார். தோல்கள் நாள்தோறும் குவிகின்றன. ஒருநாள் அந்தக் குவியலுக்குள் தந்தையின் பெட்டி காணாமற் போகிறது. கதையைக் கேட்ட ஆசிரியர் சிறுவனைத் தலைமையாசிரியரிடம் அழைத்துச் செல்கிறார். பைத்தியமா, பொய்யா, உண்மையா என்று பெரியவர்கள் குழம்புகின்றனர்.

திருச்சிராப்பள்ளியில் இக்கதைக்கு உரை எழுத வேண்டியதில்லை. இந்நகரம் தின்று எறிந்த தோல்களெல்லாம் பல பத்தாண்டுகளாக அரியமங்கலத்தில், ஏறத்தாழ 47 ஏக்கர் நிலத்தில், மலையாகக் குவிக்கப்பட்டன. கோடைதோறும் அந்த மலை தீப்பிடித்துப் புகைந்தது. அண்மை ஆண்டுகளில் ‘பயோ மைனிங்’ முறையில் குப்பையைப் பிரித்து அகற்றும் பணி நடைபெற்றிருக்கிறது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தப் புகையை மூச்சில் வாங்கிய குழந்தைகள் எந்தத் தெருக்களைச் சேர்ந்தவர்கள், குப்பையை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து கொட்டிய கைகள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவை என்ற கேள்விகள் எந்த இயந்திரத்தாலும் பிரித்து அகற்றப்படவில்லை. செருப்புத் தைப்பவரின் மகன் வகுப்பில் எழுந்து சொன்ன கதையை நம் பாடநூலோ நம் சிறுவர் பதிப்பகங்களோ இதுவரை அச்சிட்டதாக நமக்கு நினைவில்லை. கனஃபானியின் வாழ்வை இப்போது திரும்பிப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

தமிழில் அவரை அறிந்தவர்கள் பெரும்பாலும் நாவலாசிரியராகவோ விடுதலை இயக்கத்தவராகவோ அறிந்திருக்கின்றனர். அவர் முதலில் ஓர் ஓவிய ஆசிரியர் என்பதும், எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்காகத் தாமே எழுதிப் படம் வரைந்து ஒரு புத்தகம் செய்தார் என்பதும், அவர் கதைகளில் பல குழந்தைகளின் கண்வழியே நிகழ்வன என்பதும் குறைவாகவே பேசப்பட்டுள்ளன.

1936 ஏப்ரல் 9 அன்று, அரபு மக்கள் அக்கா என்றழைக்கும் அக்ரே துறைமுக நகரில் அவர் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். குடும்பம் யாஃபாவில் வாழ்ந்தது. சிறுவன் பிரெஞ்சுக் கிறித்தவத் துறவியர் நடத்திய பள்ளியில் படித்தான். அதனால் பிரெஞ்சு நன்றாக வந்தது; தாய்மொழியான அரபு தடுமாறியது. பின்னாளில் அரபு உரைநடையின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர், தம் சொந்த மொழியைப் பதின்ம வயதில் உழைத்துக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. இதை நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அவர் சேரியிலோ முகாமிலோ பிறந்தவர் அல்லர். வசதியான நடுத்தரக் குடும்பத்தின் பிள்ளை. ஏழ்மை அவர் மீது ஒரே நாளில் வந்து விழுந்தது. பிறப்பாலேயே ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவரின் நிலையும், ஊரிலிருந்து துரத்தப்பட்டவரின் நிலையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றெனக் காட்டும் உரைகள் இரண்டுக்குமே நியாயம் செய்வதில்லை.

அவருடைய 12ஆம் பிறந்தநாள் 1948 ஏப்ரல் 9. அன்றுதான் எருசலேமுக்கு அருகிலுள்ள தெய்ர் யாசின் சிற்றூரில் நூற்றுக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் சியோனிச ஆயுதக் குழுக்களால் படுகொலை செய்யப்பட்டனர். அச்செய்தி பரவிய அச்சமும் தொடர்ந்த தாக்குதல்களும் ஊர்களைக் காலி செய்தன. அவ்வாண்டில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். கனஃபானி குடும்பமும் லெபனானுக்குத் தப்பிச் சென்றது. பிறகு சிரியாவின் தலைநகர் டமாஸ்கசில் ஒண்டியது. அதன்பின் அவர் தம் பிறந்தநாளைக் கொண்டாடவே இல்லை. 1962இல் வெளிவந்த ‘துயர ஆரஞ்சுகளின் நிலம்’ தொகுப்பின் தலைப்புக் கதை, லாரியில் ஏறி எல்லை கடக்கும் குடும்பத்தைச் சிறுவனின் பார்வையில் சொல்கிறது. அதில் போர்க்களம் வருவதில்லை. வழியில் வாங்கிய ஆரஞ்சுப் பழங்களைக் கண்டு பெரியவர்கள் அழுகிறார்கள், அவ்வளவே. ஏன் அழுகிறார்கள் என்று அந்தக் குழந்தைக்கு முழுமையாகப் புரிவதில்லை. புரியாமலே அதன் குழந்தைப் பருவம் அங்கே முடிந்துபோகிறது.

டமாஸ்கசில் அண்ணன் தம்பிகள் கிடைத்த வேலையெல்லாம் செய்தனர். கஸ்ஸான் அச்சகத்தில் உழைத்தார்; மாலையில் படித்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும், இருபது வயது நிறையும் முன்பே, ஐக்கிய நாடுகள் அவை பாலஸ்தீன அகதிகளுக்காக நடத்திய பள்ளியில் ஓவிய ஆசிரியரானார். அவர் வாழ்வின் திருப்பம் அந்த வகுப்பறையில்தான் நிகழ்ந்தது என்பது நம் கருத்து. பாடத்திட்டப்படி ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் வரையக் கற்பிக்க வேண்டும். கரும்பலகையில் வரைந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, முகாமின் அந்தக் குழந்தைகளுக்கும் அப்பழங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. படத்தை அழித்துவிட்டு முகாமை வரையச் சொன்னார்.

ஒரு தேசத்தின் சிறுவர் இலக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் இருக்க முடியாது. நம் ஊர்ப் படப்புத்தகங்களில் ‘வீடு’ என்ற சொல்லுக்கு என்ன படம் போடுகிறார்கள் என்று பாருங்கள். ஓட்டுக்கூரை, திண்ணை, முற்றத்தில் கோலம், பக்கத்தில் ஒரு தென்னை. ‘அப்பா’ என்றால் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பவர். ‘ஊர்’ என்றால் கோயில், குளம், தேர். குளத்தில் யார் இறங்கக்கூடாது, தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. சொல்லாமலிருப்பதும் ஒரு பாடம்தான். நம் குழந்தைகள் அதை முதல் வகுப்பிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

1955இல் ஆசிரியப் பணிக்காகக் குவைத் சென்றார். அங்கே நீரிழிவு நோய் இருப்பது தெரியவந்தது. வாழ்நாள் முழுதும் இன்சுலின் ஊசியோடுதான் எழுதினார். 1960இல், அரபு தேசிய இயக்கத்தின் தலைவரும் மருத்துவருமான ஜார்ஜ் ஹபாஷின் அழைப்பை ஏற்று, ‘அல் ஹுர்ரியா’ இதழில் பணியாற்ற பெய்ரூட் வந்தார். அகதிகளின் நிலையை அறிய வந்த டென்மார்க் நாட்டு ஆசிரியை அன்னியை 1961இல் மணந்தார். ஃபாயிஸ், லைலா என இரு குழந்தைகள். 1962இல் முறையான அடையாள ஆவணங்கள் இல்லாத காரணத்தால் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே மறைந்திருக்க நேர்ந்தது. தாளில் இல்லாத மனிதராக அடைந்துகிடந்த அந்த நாட்களில்தான் ‘வெயிலில் மனிதர்கள்’ என்ற குறுநாவலை எழுதினார்.

1963இல் வெளிவந்த அந்நூலில், வேலை தேடிக் குவைத்துக்குச் செல்லும் பாலஸ்தீனர் மூவர் வெறுமையான தண்ணீர் டாங்கர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து எல்லை கடக்கின்றனர். சோதனைச் சாவடியில் அதிகாரிகள் ஓட்டுநரிடம் வம்பளந்து நேரம் கடத்துகின்றனர். பாலைவன வெயிலில் மூவரும் தொட்டிக்குள்ளேயே இறந்துபோகின்றனர். ஏன் தொட்டியின் சுவரைத் தட்டவில்லை என்று ஓட்டுநர் அரற்றுவதோடு நூல் முடிகிறது. அரபுலகம் அக்கேள்வியை அடிமை மௌனத்தின் மீதான சாட்டையாக வாசித்தது. நமக்கு அந்தக் கேள்வியில் ஒரு சங்கடம் உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி நச்சுக்காற்றில் மாண்ட தொழிலாளர்கள் தட்டவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் அவர்கள் இறங்க வைக்கப்படுகிறார்கள். எகிப்திய இயக்குநர் தவ்ஃபீக் சாலிஹ் 1972இல் இந்நாவலைத் திரைப்படமாக்கியபோது ஒன்றை மாற்றினார். திரையில் அம்மூவரும் தட்டுகிறார்கள். குளிர்சாதனக் கருவிகளின் இரைச்சலில் ஓசை எவர் செவியிலும் விழுவதில்லை. நாம் அந்த மாற்றத்தின் பக்கமே நிற்கிறோம்.

அதே 1963இல்தான் ‘சிறிய விளக்கு’ பிறந்தது. அக்கா மகள் லமீஸுக்கு எட்டு வயது நிறைந்தபோது, பரிசாகத் தம் கையால் எழுதிப் படங்கள் வரைந்து கொடுத்த கதை அது. தம் பிறந்தநாளைத் துறந்தவர் அந்தக் குழந்தையின் பிறந்தநாளை மட்டும் விடவில்லை.

அரசர் இறந்துபோகிறார். முடிசூட வேண்டுமானால் சூரியனை அரண்மனைக்குள் கொண்டுவர வேண்டும் என்று மகளுக்கு ஆணை எழுதி வைத்திருக்கிறார். இளவரசி மலையேறிப் பார்க்கிறாள், அறிஞர்களைக் கேட்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் முதியவர் ஒருவர் சிறிய விளக்கு ஒன்றை ஏந்தி அரண்மனைக்குள் நுழைய முயல்கிறார், காவலர்கள் விரட்டிவிடுகிறார்கள். விளக்கு ஏந்திய ஒரு கிழவன் நுழைய முடியாத இடத்துக்குள் சூரியன் எப்படி வரும் என்று அவர் கேட்டுவிட்டுப் போனது இளவரசியின் காதுக்கு எட்டுகிறது. அவரைத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. நாட்டில் விளக்கு வைத்திருப்பவர் எவரானாலும் அரண்மனைக்கு வரலாம் என்று பறைசாற்றப்படுகிறது. ஆயிரமாயிரம் விளக்குகள் வருகின்றன. வாயில்கள் போதவில்லை, இளவரசி சுவர்களை இடிக்கச் சொல்கிறாள். சுவர் விழுகிறது, வெளிச்சம் உள்ளே வருகிறது.

இக்கதையில் பாலஸ்தீனம் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அகதி இல்லை, எல்லை இல்லை, கொடி இல்லை. உள்ளே விடப்படாத ஒருவர் இருக்கிறார். அவரை வெளியே நிறுத்தும் சுவர் இருக்கிறது. சுவரால் உள்ளே இருப்போரும் இருட்டில் வாழ்கிறார்கள். அடையாளத்தைப் பெயர்ப்பலகையாக ஒட்டாமல் கதையின் எலும்பிலேயே வைப்பது எப்படி என்று சிறுவர்க்கு எழுத விரும்புவோர் இங்கே கற்கலாம். நம் குழந்தைகளுக்கோ சுவர் உவமை அன்று. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதத்தில்தான் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் அருகே நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று பணக்கார வீடொன்றின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து 17 தலித்துகளைக் கொன்றது. நம் திருச்சியில், மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், தலித் கிறித்தவர்களின் பிணங்களைத் தனியே பிரிக்க எழுந்த சுவரைப் பற்றி இங்குள்ள இளைஞர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எட்டு வயதுக் குழந்தைக்குச் சுவரைப் பற்றி எழுதலாமா என்று தயங்கும் பதிப்பாளர்கள், எட்டு வயதுக் குழந்தை அந்தச் சுவரின் எந்தப் பக்கத்தில் உறங்குகிறது என்பதை ஒருமுறை பார்த்துவரலாம்.

அறுபதுகளில் அவர் எழுதிய வேகம் வியப்பூட்டுவது. நாளிதழ் ஆசிரியர், நாடகாசிரியர், சுவரொட்டி ஓவியர், ஆய்வாளர் எனப் பல வேலைகளை ஒரே உடம்பில் செய்தார். 1965இல் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் பயணம் செய்து கட்டுரைத் தொடர் எழுதினார். 1966இல், இஸ்ரேலுக்குள் சிக்கிக்கொண்ட பாலஸ்தீனக் கவிஞர்களின் எழுத்தைத் தொகுத்து ஆராய்ந்து ‘எதிர்ப்பிலக்கியம்’ என்ற பெயரால் அரபுலகுக்கு அறிமுகம் செய்தார். மஹ்மூத் தர்வீஷ் போன்றோர் எல்லைக்கு வெளியே பரவலாக வாசிக்கப்பட அந்நூல் வழிவகுத்தது. ஐன் அல் ஹில்வே அகதி முகாமுக்குச் சென்றபோது அங்கே ஓர் இளைஞரின் கோட்டோவியங்களைக் கண்டு, தம் இதழில் வெளியிட்டார். அந்த இளைஞர்தான் நாஜி அல் அலி. காலில் செருப்பின்றி, முதுகைக் காட்டி நிற்கும் பத்து வயதுச் சிறுவன் ‘ஹந்தலா’வை 1969இல் உலகுக்குக் கொடுத்தவர். பாலஸ்தீன அடையாளத்தின் மிகப் பரவலான சின்னங்களுள் ஒன்று ஒரு குழந்தையின் முதுகு என்பது தற்செயல் அன்று. 1948க்குப் பின் அந்த மக்கள் தம் வரலாற்றைக் குழந்தையின் வயதிலிருந்தே எண்ணத் தொடங்கினர்.

1969இல் வெளிவந்த ‘உம்மு சஅத்’ நூலின் நாயகி, முகாமில் வாழ்ந்து பிறர் வீடுகளில் வேலை செய்யும் பெண். அவளிடம் தாம் கற்றதாகவே கனஃபானி எழுதினார். அவளுக்குக் கற்பிக்கப் போனதாக அல்ல. ‘ஹைஃபாவுக்குத் திரும்புதல்’ குறுநாவலை இங்கே வேகமாகக் கடந்துபோக இயலாது. 1948இன் குழப்பத்தில் கைக்குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் பிரிந்த தம்பதியர், இருபது ஆண்டுகளுக்குப் பின் தம் வீட்டைப் பார்க்க வருகின்றனர். அங்கே, ஐரோப்பாவின் நாஜிக் கொடுமையில் உறவுகளை இழந்து வந்த யூதப் பெண் மிரியம் வாழ்கிறாள். குழந்தையை அவளே வளர்த்திருக்கிறாள். அவன் இப்போது இஸ்ரேலியப் படைவீரன். தம் மக்களைத் துரத்திய தரப்பின் துயரையும் அக்காலத்தில் அவர் எழுதத் துணிந்தார். இரத்தமா வளர்ப்பா, எது மனிதரை ஆக்குகிறது என்ற கேள்வியை வசதியான விடை தராமல் நிறுத்தினார். பிறப்பை மனிதரின் தலையெழுத்தாக்கும் சாதியச் சமூகத்தில் வாழும் நமக்கு இந்நாவல் வேறொரு கூர்மையோடு வந்து தைக்கிறது.

அதே ஆண்டில் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியின் வார இதழான ‘அல் ஹதஃப்’ அவரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது. அவர் அவ்வியக்கத்தின் செய்தித் தொடர்பாளரும் ஆனார். ஆயுதம் ஏந்தியவராக அல்லாமல் எழுதியவராகவே அவர் அறியப்பட்டார். எனினும் அவ்வியக்கத்தின் செயல்களிலிருந்து அவரை முற்றாகப் பிரித்துக் காட்டுவது நேர்மையாகாது. 1972 மே 30 அன்று லோத் விமான நிலையத்தில், மக்கள் முன்னணியோடு இணைந்து ஜப்பானியச் செம்படையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 26 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த கிறித்தவப் புனிதப் பயணிகள். எந்த விடுதலையின் கணக்கிலும் அந்த உயிர்களை வரவு வைக்க முடியாது. இதைச் சொல்வதால் கனஃபானியின் எழுத்து சிறுத்துவிடும் என்று நாம் கருதவில்லை.

1972 ஜூலை 8, சனிக்கிழமை. குவைத்திலிருந்து வந்திருந்த லமீஸுக்கு அப்போது 17 வயது. மாமாவும் மருமகளும் பெய்ரூட்டின் புறநகரான ஹஸ்மியேவிலுள்ள வீட்டிலிருந்து நகருக்குப் புறப்பட்டனர். காரை இயக்கியதும் அதில் பொருத்தப்பட்டிருந்த வெடிகுண்டு வெடித்தது. இருவரும் அங்கேயே மாண்டனர். இஸ்ரேலின் உளவு நிறுவனமான மொசாத்தின் செயல் என்றே பரவலாகக் கருதப்படுகிறது. கனஃபானிக்கு வயது 36. ‘சிறிய விளக்கு’ யாருக்காக எழுதப்பட்டதோ அவளும் எழுதியவரும் ஒரே நொடியில் போயினர். அவ்வாண்டுதான் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் தோன்றியது. அதைத் தொடங்கியவர்களும் பெரும்பாலும் எழுத்தாளர்களே; உலகெங்கும் ஒடுக்கப்பட்டோரைத் தம் உறவினராக எண்ணியவர்களே.

அவர் மறைந்த இரண்டாண்டுகளில் இரு நிறுவனங்கள் பெய்ரூட்டில் எழுந்தன. ஒன்று, ‘தார் அல் ஃபதா அல் அரபி’ என்னும் சிறுவர் பதிப்பகம். பாலஸ்தீனர்களின் முயற்சியில் 1974இல் தொடங்கிய அது, அரபுலகின் சிறந்த ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் குழந்தைகளுக்காக வேலை செய்ய வைத்தது. சிரிய எழுத்தாளர் ஸகரிய்யா தாமிர் எழுத, எகிப்திய ஓவியர் முஹ்யித்தீன் அல் லப்பாத் படம் வரைந்த ‘வீடு’ அதன் பெயர் பெற்ற நூல். விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் வீடு உண்டு, பாலஸ்தீனனுக்கு மட்டும் இல்லை என்பதே அதன் முழுச் செய்தி, சில பக்கங்கள்தான். மற்றொன்று, அன்னி கனஃபானி கணவர் பெயரில் 1974இல் நிறுவிய பண்பாட்டு அறக்கட்டளை. லெபனானின் அகதி முகாம்களில் அது மழலையர் பள்ளிகளைத் தொடங்கியது. லமீஸின் கையிலிருந்த பரிசுக் கதையும் அச்சேறி, வேறு மொழிகளுக்கும் சென்றது.

குழந்தைகள் நூல் என்றால் அதிகாரம் அலட்சியமாக விட்டுவிடும் என்று எண்ணுவோர் உண்டு. 2017இல் நியூயார்க்கில் பாலஸ்தீனத்தைப் பற்றிய ஓர் ஆங்கில அகரவரிசைப் புத்தகம் வெளிவந்தபோது, அதில் ஓர் எழுத்துக்கு ‘இன்திஃபாதா’ என்ற சொல் இருந்ததற்காகப் பெரும் கண்டனம் கிளம்பியது. 2025 பிப்ரவரியில் கிழக்கு எருசலேமின் புகழ்பெற்ற புத்தகக் கடையொன்றில் இஸ்ரேலியக் காவல்துறை புகுந்து, கடைக்காரர்களைக் கைது செய்தது. காட்டப்பட்ட சான்றுகளுள் ஒன்று, குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம். இந்தியாவில் காஞ்சா அய்லய்யா 2007இல் குழந்தைகளுக்காக உழைப்பின் மாண்பைப் பற்றி எழுதிய நூலில், தோல் பதனிடுவோரும் துணி வெளுப்போரும் குயவரும் அறிவியலாளர்களாக வருகிறார்கள். அம்பேத்கர் சிறுவனாகத் தண்ணீர் மறுக்கப்பட்டதைப் பர்தான் கோண்டு ஓவியர்கள் வரைந்த ‘பீமாயணா’ 2011இல் வந்தது. இவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. பாலஸ்தீனக் குழந்தைக்காகக் கண்ணீர் விடும் கதையைத் தமிழில் வெளியிட இன்று பலர் முன்வருவார்கள், அது நல்லதே. அதே பதிப்பாளரிடம் அரியமங்கலத்துச் சிறுமியின் கதையைக் கொண்டுபோனால் குழந்தைகள் மனத்தில் சாதியை ஏன் விதைக்கிறீர்கள் என்ற கேள்வி வரும். தொலைவிலுள்ள சுவர் அழகாகத் தெரிகிறது போலும்.

‘சிறிய விளக்கு’ நீண்ட கதை அன்று. ஒரு மாலை நேரத்தில் வாசித்து முடித்து, குழந்தைகள் கேள்வி கேட்கவும் நேரம் மீதமிருக்கும். சேரிகளில் இரவுப் பள்ளி நடத்தும் தோழர்கள் அதைத் தம் சொற்களில் சொல்லிப் பார்க்கலாம்; முடிந்ததும் வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஆப்பிளை அல்ல, தெருவை வரையச் சொல்லலாம். வரும் படங்களைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அச்சிடும் பொறுப்பைப் பிறகு யார் ஏற்பது என்று பேசிக்கொள்வோம்.